புதுப்பிப்பு: பனிக்காலத்துக்கு ஜீப் ராங்லர் பக்கப்படி, கடைசியில் எது சரிப்பட்டது

கனடாவின் சட்பரி பனிக்கு, கதவைத் திறந்தால் மோட்டாரில் இறங்கும் படியா, குழாய்ப் படியா, ராக் ஸ்லைடரா (பாறையில் உரசாமல் வண்டியின் பக்க அடியைக் காக்கும் கனமான இரும்புச் சட்டம்) என்று போன அக்டோபரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மோட்டார் படி உறைந்து நின்றுவிடும் என்றார்கள், அதை விட்டேன். கைகொடுத்தது "மேல்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருப்பதை வாங்குங்கள்" என்ற யோசனைதான். அப்படியே சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போடும் ஓட்டை ஸ்லைடரை வாங்கினேன்; பூட்ஸில் ஒட்டிய பனி மிதிக்க மிதிக்கக் கீழே உதிர்ந்துவிடுகிறது, மைனஸ் 25-லும் அம்மா வழுக்காமல் ஏறினார். எதிர்பாராதது ஒன்று: டயர் வாரியடிக்கும் சேறுபனி ஸ்லைடருக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே கட்டியாக இறுகிவிடுகிறது, வாரம் ஒருமுறை ரப்பர் சுத்தியலால் தட்டிவிட வேண்டும். அப்புறம், கல் பட்டு பெயிண்ட் போன இடங்களில் சாலை உப்பு வேலையைக் காட்டி மார்ச்சிலேயே துரு. தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்திருக்கிறேன்.