மறு: சைக்கிள் ஹோய்ஸ்ற்றுக்குத் தமிழ்ச்சொல்

> பாரந்தூக்கி எண்டே போட்டால் என்ன? அகராதியில கிடக்குத்தானே.

வணக்கம் அண்ணை,

பாரந்தூக்கி எண்டால் துறைமுகத்தில நிக்கிற கிரேன்தான் ஞாபகம் வரும், உயர்த்தி எண்டால் லிப்ற். முந்தி ஒருத்தர் எழுதின ஈருருளி ஏற்றுப்பொறியை வாயால சொல்லிப் பாருங்கோ, கடைக்காரன் ஓடிப்போவான். நாங்கள் பேர் தேடுறது சைக்கிளைக் கயிற்றால தூக்கித் தொங்கவிடக் கராஜ் முகட்டில மாட்டுற சின்னச் சாமானுக்கு, அது என்ன செய்யுது எண்டு முதல்ல பாப்பம்.

இங்க ரொறன்ரோவில றோட்டுக்கு உப்புப் போடத் துவங்கினால் கனபேர் ஏப்ரல் மட்டும் சைக்கிளைத் தொடமாட்டினம், உப்புத்தண்ணி பட்டால் செயின் கறள் பிடிச்சுப்போகும். கராஜுக்க காரும் ஸ்னோ தள்ளுற மெஷினும் நிக்க நிலத்தில இடமில்லை, தலைக்கு மேலதான் வெறும் இடம். இந்தச் சாமானை வீட்டிலயே செய்யலாம், ட்ரைவோலுக்கு (முகட்டை மூடுற ஜிப்சம் அட்டை) பின்னால ஓடுற மரச்சட்டத்தை, வழமையா 16 இஞ்சிக்கு ஒண்டு இருக்கும், தட்டிப் பிடிச்சு அதுக்குக் குறுக்கால பலகை ஒண்டை நீட்டு ஸ்குறூவால இறுக்கி அதில கப்பியைப் பூட்டவேணும், வெறும் ட்ரைவோலில பூட்டினால் சைக்கிள் காருக்கு மேலதான் இறங்கும். ஒரு கொழுக்கி சீற்றுக்கு, மற்றது ஹாண்டிலுக்கு. ஒவ்வொண்டுக்கும் கயிற்று நுனியைப் பலகையில கட்டி, கொழுக்கியோட நிக்கிற கப்பிக்குள்ளால விட்டு, திரும்ப மேல் கப்பியால எடுத்து ரெண்டு கயிறையும் ஒண்டாச் சேர்த்து இழுத்தால் 14 கிலோ சைக்கிளுக்கு 7 கிலோ இழுவையும் உராய்வுக்குக் கொஞ்சமும் போதும். ஆனால் 2 மீற்றர் தூக்க 4 மீற்றர் இழுக்கவேணும், பள்ளிக்கூடத்தில படிச்ச இயங்கும் கப்பிதான். நைலோன் கயிறு இழுபட்டு நீளும், பொலியெஸ்ரர் வாங்குங்கோ. (மின்சைக்கிள் எண்டால் பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போங்கோ, உறைகுளிருக்க சார்ஜ் போடக்கூடாது.)

இப்ப பாருங்கோ, தூக்கிறது அரை நிமிச வேலை, மிச்சக் குளிர்காலம் முழுக்க அது தொங்கிக்கொண்டுதான் கிடக்குது. முகட்டில தொங்கவிட்டு சாமான் வைக்கிறதுக்கு எங்களிட்ட ஏற்கெனவே பேர் இருக்கு, உறி. பூனை எட்டாமல் தயிர்ச்சட்டி வைச்ச அதே உறி. அதால நான் சொல்லுறது கப்பியுறி.

> உறி ஏறி இறங்காதே?

ஏன் இறங்காது? உறியடியில அடிக்க வாறவனுக்கு எட்டாமல் ஒருத்தர் கயிற்றை இழுத்து இழுத்து ஏத்தி இறக்கித்தானே விளையாட்டுக் காட்டுறவர். தமிழ்நாட்டு ஆக்களுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கயாக் படகைத் தொங்கவிட்டாலும் கப்பியுறிதான். ஆனால் கட்டடம் கட்டுற இடத்தில சீமெந்து மூட்டை ஏத்துற ஹோய்ஸ்ற்றுக்கு இது பொருந்தாது, அங்க ஏற்றுவதுதான் முழு வேலையும், அதுக்கு ஏற்றி எண்டே விடுவம். ரெண்டுக்கும் ஒரே சொல் வேணும் எண்டு அடம்பிடிக்கிறதில எனக்கு உடன்பாடில்லை.

இழுத்து முடிய சுவரில கயிற்றை எட்டுப்போலச் சுத்திக் கட்டுற சாமானுக்குப் பேர் வைக்கிறது மிச்சமிருக்கு. ரெண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு நிக்கிறதால கயிற்றுக்கொம்பு எண்டு எங்கட சொற்பட்டியல்ல போட்டிருக்கிறன், ஆட்சேபணை இருந்தால் இந்த இழையிலயே எழுதுங்கோ.