புதுப்பிப்பு: மேல்மலைக் குளிரில் ட்ரோன் லோ வோல்டேஜ் எச்சரிக்கை – தீர்ந்தது

என் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறையில் விடியற்காலை, பேட்டரி ஃபுல் சார்ஜ், ரிமோட் ஸ்டிக்கை முழுசாகத் தள்ளியதும் லோ வோல்டேஜ் எச்சரிக்கை.

பேட்டரியைச் சூடாக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. குளிரில் பேட்டரி செல்லின் உள்தடை (உள்ளே மின்சாரம் ஓடுவதற்கான தடை) கூடும். சார்ஜ் இருந்தாலும் லோடு ஏறினால் வோல்டேஜ் சரியும். இப்போது பேட்டரி ஸ்வெட்டருக்குள். ட்ரோனில் மாட்டி, ஆப்பில் பேட்டரி வெப்பநிலை 20 டிகிரி காட்டியபின் ட்ரோனை ஏற்றி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு நிமிடம் ஹோவர் (ஒரே இடத்தில் மிதக்கவிடுவது), அப்புறம்தான் வேகம். ப்ரொப்பெல்லரை மாற்றியதில் ஒன்றும் நடக்கவில்லை.

எதிர்பாராதது மூடுபனி. பூண்டு வயலுக்குக் கீழேயிருந்து அது ஏறியதும், எதிரே இருக்கும் பொருளைக் கண்டறியும் தடை சென்சார் அதைச் சுவரென்று நினைத்து ட்ரோனை நடுவானில் நிறுத்திவிட்டது. பின்னால் இழுத்து, வந்த வழியே இறக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று: ரிட்டர்ன் ஹோம் (ட்ரோன் தானாகத் திரும்பி வருவது) உயரம் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு. பள்ளத்திலிருந்து ஏற்றினால், அந்த உயரத்தை வழியில் நடுவிலுள்ள உச்சிமரத்துக்கும் மேலே வையுங்கள்.