ஆட்டோஃபிளவரிங்: தன்பூப்பா, அகவைமலர்வா?

குழுவினருக்கு வணக்கம்.

பயிரியல் கலைச்சொல் பட்டியலில், பகல் நீளத்துக்குக் காத்திராமல் செடி பூக்கும் பண்பாகிய "ஆட்டோஃபிளவரிங்" என்பதற்குத் "தன்பூப்பு" என்று இட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும். எந்தச் செடியும் தானாகத்தான் பூக்கிறது. "தன்" எதையும் பிரித்துக் காட்டவில்லை. "பூப்பு" என்றாலோ நம் வீடுகளில் பொருளே வேறு.

இச்சொல் பெரிதும் வழங்குவது கஞ்சாச் செடியில். அது இயல்பில் குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் பூக்கும். பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் ஜூன் பிற்பகுதியில் பகல் ஏறக்குறைய 20 மணி நேரம். தெற்கத்திய வகைகளை அங்கே விதைத்தால் கோடை முழுக்கத் தழைத்துக்கொண்டே போகும். விதை முற்றுமுன் உறைபனி வந்துவிடும். அந்நாட்டில் உருவான ஃபினோலா என்னும் எண்ணெய்விதை வகை, பகல் குறையட்டும் என்று காத்திருப்பதில்லை. முளைத்த நான்கைந்து வாரத்தில் மொட்டு விட்டு, 100–120 நாளில் அறுவடைக்கு வருகிறது. எனவே "ஒளிசாராப் பூத்தல்" எனலாமா?

*

> எனவே "ஒளிசாராப் பூத்தல்" எனலாமா?

வேண்டாம் ஐயா. நிழலில் விதைத்தாலும் விளையும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். பூக்கும் நேரம்தான் பகலளவைச் சாராதது. விளைச்சல் முழுக்க வெயிலைச் சார்ந்தது. "பகலளவு சாராத" என்பது சரி. ஆனால் அது எது தேவையில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எது பூக்க வைக்கிறது? செடியின் அகவை. "அகவைமலர்வு" என்பது என் பரிந்துரை.

வயலில் எல்லாமே இதைப் பொறுத்துத்தான். மண்வெப்பம் 8–10 பாகை செல்சியசுக்கு வந்தபின் 2 செ.மீ. அளவு ஆழத்தில், எக்டேருக்கு 25–30 கிலோ விதைக்கிறார்கள். விதைத்ததும் மழை அடித்து மேல்மண் இறுகினால் முளை வெளிவராது. தண்ணீர் தேங்கினால் இளஞ்செடி மஞ்சளித்துக் குன்றிவிடும். குறும்பகல் வகை என்றால் ஜூலையில் தேறிக்கொள்ள அதற்கு நேரமுண்டு. அகவைமலர் வகைக்கு இல்லை. சாண் உயரத்தில் நின்றாலும் மொட்டு விட்டுவிடும், அதன்பின் உரம் போட்டும் பெரிதாகப் பயனில்லை. பயிர் குட்டையாக நிற்கும் இடைவெளியில் களை ஏறும். அங்கே முதல் தொல்லை நம் சக்கரவர்த்திக் கீரையேதான்!

*

அகவைமலர்வை வழிமொழிகிறேன். "வயது" என்று எளிமையாக்கலாமே என யாரேனும் கேட்கக்கூடும். "110 நாள் வயதுடைய நெல்" என்று நம் வேளாண்துறை எழுதும்போது அது விதைப்பு முதல் அறுவடை வரையிலான காலம். அத்துடன் குழம்பாமலிருக்க "அகவை" நல்லது.

ஒரு திருத்தம். அகவை நாள்காட்டிக் கணக்கன்று. குளிர்ந்த வசந்தத்தில் வளர்ச்சி மெதுவாகி மொட்டும் சில நாள் தள்ளிப்போகும். விளக்கத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.

மரபியலிலும் சொல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். இது ஒடுங்கு பண்பு. குறும்பகல் வகையோடு கலந்தால் முதல் தலைமுறையில் அகவைமலர்வு தோன்றாது. அந்த முதல் தலைமுறைச் செடிகளைத் தமக்குள் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் தோன்றும். "தன்பூப்பு" என்று எழுதியிருந்தால் தன்மகரந்தச் சேர்க்கை என்று மாணவர் தவறாகப் படிக்க இடமுண்டு. ஃபினோலாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது.

பட்டியலுக்கு:

அகவைமலர்வு (பெயர்): பகலின் நீளத்துக்குக் காத்திராமல், செடி குறிப்பிட்ட வளர்ச்சி அகவையை எட்டியதும் பூக்கும் பண்பு. வெப்பநிலையால் சற்று முன்பின் ஆகலாம். பெயரடை: அகவைமலர். எ-டு: அகவைமலர் வகைக்குத் தழைச்சத்தின் பெரும்பகுதியை விதைப்போடு இடுக.