மறு: அச்சுச் சாளரத்தில் பைண்டிங்: பிணைப்பா, கட்டா?

வணக்கம். நிரல்களைத் தமிழாக்கும் நம் குழுவின் சொற்பட்டியலில், அச்சிடும் சாளரத்தில் வரும் 'பைண்டிங்' (அச்சிட்ட தாள்களைப் புத்தகமாகக் கட்டுவது) என்பதற்கும் அதன் வகைகளுக்கும் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. மேற்கோளாக வரும் வரிகள் மற்றவர்கள் எழுதியவை.

> பிணைப்பு என்று நம் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே போட்டுவிடலாமே?

அந்தப் பிணைப்பு விசைப்பலகையின் விசைகளுக்காக வந்தது. ஒரு விசையை ஒரு கட்டளையோடு சேர்ப்பது, ஒரு நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) வேறொரு நிரல்மொழியிலிருந்து அழைக்க வழிசெய்வது, இவையெல்லாம் பிணைப்புதான். வேதியியலிலும் அயனிப் பிணைப்பு, சகப் பிணைப்பு என்று படித்துத்தான் வந்திருக்கிறோம். ஆனால் ஆய்வேட்டை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் "இதைப் பிணைச்சுக் குடுங்க" என்று கேட்கமாட்டார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது அவர்கள் பாடு. மொழிபெயர்ப்பு வரிகளை வைக்கும் பிஓ கோப்பில் சூழல் குறிப்புக்கென்றே ஒரு வரி இருக்கிறது. அதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

என் ஓட்டு 'கட்டு'க்கு. நூல்களின் விவரப் பக்கத்தில் கட்டமைப்பு, கட்டுமானம் என்றெல்லாம் போடுகிறார்கள். கட்டமைப்பைக் கணினித்துறை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. கட்டுமானம் என்றால் சிமெண்ட் வாசனை அடிக்கிறது. 'நூற்கட்டு' அழகான சொல்தான், ஆனால் அதில் வரும் நூல் புத்தகமா, தைக்கிற நூலா? செக்‌ஷன் தையல் (பகுதி பகுதியாக நூலால் தைப்பது) ஒரு தனி வகையாகப் பட்டியலில் நிற்கும்போது இந்தக் குழப்பம் வேண்டாம். வெறும் 'கட்டு' ஏவல்போல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 'வெட்டு', 'ஒட்டு' (கட், பேஸ்ட்) இரண்டும் நிரல்களின் தொகுப்புப் பட்டியலில் இத்தனை நாளாக இருக்கின்றன, யாரும் தடுமாறவில்லை.

வகைகளுக்கு வருகிறேன். பெயரை ஆங்கிலத்திலிருந்து எடுக்காமல், பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்த்து எடுப்போம்.

> சேடில் ஸ்டிச் = சேணத் தையல்

குதிரையும் இல்லை, தையலும் இல்லை. தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மடிப்பின் முதுகில் கம்பி அடிக்கிறார்கள். அச்சகத்தில் இது 'சென்ட்டர் பின்'. அதையே தமிழாக்கி 'நடுப்பின்' என்றால் பின் என்பது முன்னுக்கு எதிரான பின்னாகி, நடுவுக்கு அப்புறம் என்ன என்று கேட்க வைக்கும். 'நடுமடிப்புக் கம்பி' என்று வைக்கலாம். மடிப்பு என்ற சொல் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பேன். பயனர் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே மடிப்பிலிருந்துதான் வருகிறது. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம், ஆகவே பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். தாள் கூடக் கூட உள்ளே இருக்கும் தாள்கள் வெளியே பிதுங்கும். ஓரத்தைச் சமமாக வெட்டும்போது நடுப்பக்கங்களின் வெளி ஓரம் குறுகி, சில சமயம் பக்க எண்ணே கத்திக்குப் போய்விடும். சிற்றிதழ் போட்டவர்களுக்கு இது தெரியும்.

மடிக்காமல் இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கம்பி அடிப்பது 'சைடு பின்'. இதற்கு 'ஓரக் கம்பி'.

> பெர்ஃபெக்ட் பைண்டிங் = நிறைவுப் பிணைப்பு

இதை மட்டும் ஏற்கவே முடியாது. எதில் நிறைவு? முதுகைச் சொரசொரப்பாகச் சீவி, சூடான பசை தடவி, அட்டையை ஒட்டுகிறார்கள். வெயிலில் காரில் கிடந்தால் பசை இளகிப் பக்கம் கழன்று வருவதும் உண்டு. 'பசைக்கட்டு' போதும். பாரம் பாரமாக (பல பக்கம் அச்சான பெரிய தாள் ஒரு பாரம்) மடித்து நூலால் தைப்பது 'தையற்கட்டு'. அதற்கு மேல் காலிகோ துணி சுற்றிய கெட்டி அட்டை போட்டால் 'கெட்டி அட்டைக் கட்டு'. இவை இரண்டுக்கும் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

ஸ்பைரலுக்கு 'சுருள் கட்டு', இடைவெளி விட்டு. புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் சுருட்கட்டு. சின்ன எழுத்தில், அவசரத்தில் அது சுருட்டுக்கட்டாகத்தான் கண்ணில் படும். இலக்கண அன்பர்கள் மன்னிக்க. 'சுருள் கோப்பு' என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. துளையிட்டுக் கோப்பது என்பதுதான் நம் பக்கத்துப் பழைய முறை. ஓலைச்சுவடியில் இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற கம்பியோ குச்சியோ, கயிற்று நுனியில் கிளிமூக்கு. ஆனால் 'கோப்பு' என்ற சொல் ஃபைலுக்குப் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. அதே சாளரத்தில் அச்சிட வேண்டிய கோப்பும், கட்ட வேண்டிய கோப்பும் ஒன்றாக நிற்க முடியாது.

இன்னொன்று. கணினியும் அச்சுப்பொறியும் பேசிக்கொள்ளும் இணைய அச்சு நெறிமுறையில் (ஐபிபி) இவையெல்லாம் தனித்தனி எண்கள். 4 கம்பியடித்தல், 5 துளையிடல், 7 கட்டு, 8 நடுமடிப்புக் கம்பி, 9 ஓரக் கம்பி. 50 முதல் 53 வரை இடது, மேல், வலது, கீழ் எனக் கட்டும் பக்கம். ஆகவே 8க்கும் 9க்கும் 'கட்டு' என்ற ஈறு சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சேர்த்தால் 7-இன் உட்பிரிவு என்று தோன்றும்.

> இருபக்க அச்சில் நீள்விளிம்பு, குறுவிளிம்பு யாருக்கும் புரியாது. இடக்கட்டு, மேற்கட்டு என்று வைப்போம்.

நிமிர்ந்த பக்கத்துக்கு மட்டும் இது சரி. ஏ4 தாளின் நீள்விளிம்பு 297 மி.மீ., குறுவிளிம்பு 210. நிமிர்த்தி அச்சிட்டால் நீள்விளிம்பு இடப்பக்கம் வரும், புத்தகம்போலப் புரட்டலாம். அகலவாக்கில் ஒரு அட்டவணையை அச்சிடுங்கள், அதே நீள்விளிம்பு மேலே போய்விடும். இடக்கட்டு என்று நம்பித் தேர்ந்தவருக்குப் பின்பக்கம் தலைகீழாக வரும். விளிம்பின் பெயர் மாறாது, பக்கத்தின் பெயர் மாறும். அதனால் 'நீள்விளிம்பில் புரட்டு', 'குறுவிளிம்பில் புரட்டு' என்றே விடுவோம். பக்கத்திலேயே சின்னப் படம் வருகிற நிரல்களில் புரியாமல் போக வாய்ப்பில்லை. (போகட்டும், மேற்கட்டு என்றதும் எனக்குக் கல்யாணப் பந்தலின் மேற்கட்டிதான் ஞாபகம் வந்தது.)

கட்டுக்காக உள்பக்கம் கூடுதலாக விடும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'கட்டர்' (gutter). அகராதியைப் பார்த்துப் போட்டால் 'சாக்கடை' என்று வந்து நிற்கும். 'கட்டோரம்' எனலாமா? 'கட்டு ஓரம்' என்று பிரித்தால் மறுபடியும் ஏவலாகிவிடுகிறது. 'உள்ளோரம்' என்றும் வைக்கலாம், ஆனால் நிமிர்ந்த பக்கத்தைக் குறுவிளிம்பில் கட்டும்போது அது மேலே வரும், 'உள்' பொருந்தாது. இது ஒன்றுதான் எனக்கு முடிவாகவில்லை, கருத்துச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு ஞாயிறுவரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்

பி.கு.: கீழிறங்கு பட்டியலில் 'கெட்டி அட்டைக் கட்டு' கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. 'கெட்டியட்டை' என்று சுருக்கட்டுமா?