கொள்ளுத்தாத்தா இறந்தது 1912, உயில் எழுதியது 1918: எங்கே தப்பு?

கன்னங்குறிச்சிக்காரன்

வணக்கம். வர்ற மாசம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாம் கூடுகிறோம். அதற்குள் வம்சாவளியைச் சரிபார்த்து பிளக்ஸ் அடிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கீழே பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கையில் இருப்பது பெரியப்பா 1983-இல் சார்ட் பேப்பரில் வரைந்த படம். அதன்படி முத்து, நல்லப்பன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். நல்லப்பனுக்கு வாரிசு இல்லை. முத்துவின் மகன் கந்தசாமி, என் கொள்ளுத்தாத்தா. அவருக்கு இரண்டு தாரம்: பாவாயி, அங்கம்மாள். பாவாயி வயிற்றில் பிறந்தவர் என் தாத்தா பழனியப்பன். காட்டில் இருக்கிற சமாதிக் கல்லில் "முத்து குமாரன் கந்தசாமி, 1912" என்று வெட்டியிருக்கிறது.

போன வாரம் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் ஓர் உயில் கிடைத்தது. கையெழுத்து கந்தசாமி. தேதி "பிங்கள ௵ தை ௴", அதாவது பிங்கள வருஷம் தை மாசம். பஞ்சாங்கத்தில் பார்த்தால் பிங்கள என்பது 1917. செத்து ஐந்து வருஷம் கழித்து உயில் எழுதியிருக்கிறார்! முதல் தாளின் மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. படிக்க முடிகிற இடம் இது (௸ என்றால் மேற்படி):

"...௸ வீட்டை என் பாரியாள் அங்கம்மாள் தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, அவள் காலத்துக்குப் பின் என் அண்ணன் குமாரன் பழனியப்பன் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது."

பாவாயி பேச்சே இல்லை. பெற்ற மகனை யாராவது "அண்ணன் குமாரன்" என்று எழுதுவார்களா? முத்திரைத் தாளும் இல்லை, வெறும் தாள். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், இப்படி ஓர் உயில் இருப்பதாகவே காட்டவில்லை. இது போலியா, இல்லை என் தாத்தா தத்துப் பிள்ளையா? பெரியப்பாவைக் கேட்டால், "கல்லு வெட்டுனவன் தப்பா வெட்டிட்டான், போடா" என்கிறார்.

பழைய பத்திரம்

போலி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். உயிலுக்கு முத்திரைக் கட்டணம் கிடையாது, வெறும் தாளில் எழுதினால் போதும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

வில்லங்கத்தில் வராததும் அதிசயமில்லை. 1908 பதிவுச் சட்டப்படி கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் 1 புத்தகத்தில் ஏறும், உயில் ஏறுவது 3 புத்தகத்தில். வில்லங்கச் சான்று பார்ப்பது 1 புத்தகத்தை. கடைசித் தாளின் பின்பக்கம் சார்பதிவாளர் ஆபீஸ் சீல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது பதிவான உயில்.

தேதியில் ஒரு சின்னத் திருத்தம். பிங்கள சித்திரையில் பிறந்தது 1917 ஏப்ரல். அந்த வருஷத்துத் தை என்றால் 1918 ஜனவரி-பிப்ரவரி. இந்த ஒரு வருஷ வித்தியாசம் நிறையப் பேர் வம்சாவளியில் உண்டு.

குகை தறிவீடு

இது சுவீகாரமேதான் சார். எங்கள் வீட்டிலும் அண்ணன் மகனைத் தத்து எடுத்து, ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அண்ணன் யார் என்று தேடுங்கள், முடிச்சு அவிழும்.

அஸ்தம்பட்டி அக்கா

தறிவீட்டுத் தம்பி கோவித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தத்து எடுத்துவிட்டால் சட்டப்படி அவன் மகன். உயிலில் "சுவீகார குமாரன்" என்று அழுத்தி எழுதியிருப்பார்கள், அந்த உரிமையை நிலைநாட்டத்தானே பத்திரமே எழுதுவது. "அண்ணன் குமாரன்" என்றால், எழுதியவர் பழனியப்பனுக்குச் சித்தப்பா முறை.

கன்னங்குறிச்சித் தம்பி, ஒன்று கேட்கிறேன். முத்துவுக்கும் நல்லப்பனுக்கும் அப்பா பெயர் என்ன? நம் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருமே அப்பா பெயரைத் தங்கள் மூத்த மகனுக்கு வைத்தால், ஒரே வயதில், ஒரே தெருவில், ஒரே பெயரில் இரண்டு ஆள்.

அப்புறம், உயிலில் சொத்து விவரம் இருக்குமே, அதை ஏன் போடவில்லை? நான்கு எல்லையையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிப் போடுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்

பின்பக்கம் சீல் இருக்கிறது. அக்கா, அவர்கள் அப்பா பெயரும் கந்தசாமிதான்! சொத்து விவரம் வெறும் எல்லைக் கணக்கு என்று தாண்டிவிட்டேன். இதோ:

"மூக்கனேரி வாய்க்காலுக்குத் தெற்கு, காலஞ்சென்ற என் பெரியப்பா குமாரன் பெரிய கந்தசாமி வீட்டுச் சுவருக்கு மேற்கு, ௸ ஊர் வண்டிப் பாதைக்கு வடக்கு, புறம்போக்குக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்குட்பட்ட..."

எழுதும்போதே கை நடுங்கிவிட்டது.

அஸ்தம்பட்டி அக்கா

அவ்வளவுதான். சுவருக்கு மேற்கு என்றால் அந்தச் சுவர் உயில் வீட்டுக்குக் கிழக்கே நிற்கிறது. உயில் எழுதிய கந்தசாமிக்குக் கிழக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு கந்தசாமி இருந்து, 1918-க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் கல்லும் சரி, உயிலும் சரி. தப்பு சார்ட்டில்.

பழைய பத்திரம்

அக்கா சொன்னது பொருந்துகிறது. ஆனாலும் பிளக்ஸ் அடிக்கும் முன் ஒரு வேலை பாக்கி. "அண்ணன்" என்றால் கூடப் பிறந்தவரும் அண்ணன், பெரியப்பா மகனும் அண்ணன். எழுதியவரின் அப்பா பெயர் கரையான் வயிற்றில் போய்விட்டது. ஆனால் பதிவு செய்கிறவரின் ஊர், தொழில், தகப்பன் பெயர் எல்லாம் பதிவுக் குறிப்பில் வந்தாக வேண்டும், சட்டமே அப்படி. பின்பக்கச் சீலில் உள்ள நம்பர், வருஷம், வால்யூம், பக்கம் இவற்றைக் குறித்துக்கொண்டு சார்பதிவாளரிடம் நகலுக்கு மனுப் போடுங்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும்தான் நகல் தருவார்கள். காலமான பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 3 புத்தகத்தை நாமே புரட்ட விடமாட்டார்கள், அலுவலர்தான் தேடித் தருவார். தத்து எடுக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரமும் அதே 3 புத்தகத்தில்தான் ஏறும், சந்தேகம் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. 1918 தை என்பது உயில் தேதி. சின்ன கந்தசாமி இறந்த வருஷம் என்று அதையே எழுதிவிடாதீர்கள். மனிதர் அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்திருக்கலாம்.

நாகலூர் மிளகு

ஏற்காட்டிலிருந்து என் பங்குக்கு. எங்கள் பூட்டனாருக்கு எஸ்டேட் துரை மூன்று ஏக்கர் எழுதி வைத்ததாக வீட்டில் நூறு வருஷப் பெருமை. இந்தியாவில் இறந்த வெள்ளைக்காரர்களின் உயில் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. பேத்தி அங்கே படிக்கப் போனபோது எடுத்து அனுப்பினாள். நூறு ரூபாயும் ஒரு கம்பளிக் கோட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நிலத்தைக் காணோம். கோட்டையும்தான்.

குகை தறிவீடு

சரி சார், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: உயிலில் அங்கம்மாளுக்குப் பிள்ளை பெயர் எதுவும் இல்லையே, அப்போ வாரிசு இல்லை என்று எழுதிவிடலாமா?

அஸ்தம்பட்டி அக்கா

மகன் இல்லை என்று வேண்டுமானால் ஊகிக்கலாம், அதுவும் இந்த உயிலில் வீடு அண்ணன் மகனுக்குப் போவதால். பெண் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய உயில்கள் பலவற்றில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரே வராது, சீர் செய்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். பாகம் பிரித்துக்கொண்டு போன மகனும் சில உயில்களில் வருவதில்லை, ஏனென்றால் உயிலில் எழுதுவது பெரும்பாலும் சுயார்ஜிதம், அதாவது தானே சம்பாதித்த சொத்துதான்.

கன்னங்குறிச்சிக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நகல் கையில் வந்துவிட்டது. பதிவுக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது: "கன்னங்குறிச்சியிலிருக்கும் நல்லப்பன் குமாரன் கந்தசாமி, விவசாயம்." சார்ட்டில் வாரிசு இல்லாமல் நிற்கிற அதே நல்லப்பன். தத்துப் பத்திரம் எதுவும் 3 புத்தகத்தில் இல்லை. நாங்கள் இப்போது குடியிருப்பது சின்ன கந்தசாமியின் வீடு. பெரிய கந்தசாமி வீடு இருந்த இடம் கிழக்கே எங்கள் மாட்டுக் கொட்டகை. அந்தச் சுவரில் பாதி இன்னும் நிற்கிறது, நேற்றுப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

அங்கம்மாளைப் பெரிய கந்தசாமியிடமிருந்து பிரித்துச் சின்ன கந்தசாமி பக்கத்தில் வைத்துவிட்டேன். பெண் பிள்ளை இருந்தாரா என்ற இடத்தில் கேள்விக்குறி.

புதுப் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். 1983-இல் ஏன் இரண்டு தாரம் என்று எழுதினார் என்பதும் தெரிந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பாவாயிப் பாட்டி தினமும் சுவரைப் பார்த்து "அங்கம்மா, நீ நல்லா இருப்பியா" என்று திட்டிக்கொண்டிருப்பாராம். அதோடு இந்த உயிலில் "பாரியாள் அங்கம்மாள்" என்பதையும் படித்ததும், இளைய தாரம்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அது சக்களத்திச் சண்டை இல்லையா? வெறும் ஓரகத்திச் சண்டையா?"