[கலைச்சொல்] ‘ஜே கட்’ – மலை ரயில் காணொளிக் கையேட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரி மலை ரயிலைப் படம்பிடித்துத் தொகுப்பதற்கான தமிழ்க் கையேட்டில் ஒலித்தொகுப்பு அத்தியாயம் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. அடுத்த காட்சியின் ஒலி, அந்தக் காட்சி திரைக்கு வரும் முன்பே தொடங்கிவிடும் வெட்டு. எடிட்டிங் அறைகளில் ‘ஜே கட்’ என்கிறோம்.

மற்ற படங்களில் இது ஓர் உத்தி. இந்த ரயிலில் நடப்பதே அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. வளைவில் நிற்கும் கேமராவுக்கு முதலில் தெரிவது முன்பெட்டியின் வெளிமேடையில் கொடியோடு இருக்கும் பிரேக்ஸ்மேன், அப்புறம் நீலப் பெட்டிகள், கடைசியில்தான் இன்ஜின். காதுக்கோ இன்ஜின் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும். ஒலியும் காட்சியும் ஒரே பிரேமில் தொடங்கும் நேர்வெட்டை இங்கே போட்டால், வெறும் காடு இருந்த திரையில் முழு இரைச்சலோடு வண்டி திடீரென்று முளைக்கும். ஆகவே கையேட்டில் அதிகம் புழங்கப்போகும் சொல் இது. ‘முன்னொலி வெட்டு’ என்று வைக்கலாமா? இதற்கு மறுதலை ‘எல் கட்’: முந்தைய காட்சியின் ஒலி வெட்டைத் தாண்டியும் ஓடுவது. அதற்குப் ‘பின்னொலி வெட்டு’. கருத்துச் சொல்லுங்கள்.

– சூரமங்கலம்

---

> ‘முன்னொலி வெட்டு’ என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் தடுக்கும்.

முதலாவது, ‘முன்’ என்பது காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். ஸ்டீரியோவுக்கு மேல் போய் சரவுண்டில் கலப்பவர்களுக்கு முன் ஸ்பீக்கரில் வருவதும் முன்னொலிதான். இந்த ரயிலில் குழப்பம் இன்னும் கூடும். இன்ஜின் பின்னால் இருக்கிறது, அதன் ஒலி முன்னால் கேட்கிறது என்று விளக்கவேண்டிய அதே பத்தியில் ‘முன்னொலி’ என்றால் படிப்பவர் வண்டியின் முன்பக்கத்தைத் தேடுவார்.

இரண்டாவது, ‘பின்னொலி’. பின்னணி இசை, பின்னணிக் குரல் என்று தமிழில் ‘பின்’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. பின்னொலி என்றதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காட்சிக்கு அடியில் மெதுவாக ஓடும் ஒலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முந்து, பிந்து என்ற வினைகளிலிருந்து போகலாம். முந்து + ஒலி = முந்தொலி. பிந்து + ஒலி = பிந்தொலி. இரண்டும் வினைத்தொகை, முந்திய, முந்துகிற, முந்தும் என எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். இடப்பொருள் உள்ளே நுழையாது. வினையாகவும் இயல்பாகப் பேசலாம்: “இந்த இடத்தில் ஒலியை இரண்டு நொடி முந்தவிடுங்க.”

– ஏற்காடு

---

ஏன் இவ்வளவு பாடு? ‘ஜே கட்’ என்றே எழுதிவிடலாம். சென்னையில் எந்த எடிட் சூட்டுக்குள் போனாலும் அதைத்தான் சொல்கிறார்கள். கையேட்டைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை அங்கே முந்தொலி என்றால் யாருக்கும் புரியாது.

– ஆத்தூர்

---

ஆத்தூர் நண்பருக்கு,

வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டும் தெரியவேண்டும். சொற்பதிவில் ‘ஜே கட்’ மாற்றுச்சொல்லாக இருக்கும், அதில் ஐயம் வேண்டாம். ஆனால் கற்றுக்கொடுக்கும்போது அந்த எழுத்து உதவுவதில்லை. தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் மேலே காட்சி, கீழே ஒலி. கீழ்த்தடம் இடப்பக்கம் நீண்டால் ஜே, வலப்பக்கம் நீண்டால் எல். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும்தான் மாற்றிப் போடுகிறார்கள். எழுத்தின் வடிவத்தை நினைவில் கொண்டுவந்து, அதைத் தடத்தில் பொருத்தி, பிறகு எது எதை முந்துகிறது என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. முந்தொலி என்றால் எதை நகர்த்த வேண்டும், எந்தப் பக்கம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

செய்முறையை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். முதலில் இரண்டு காட்சிகளையும் நேர்வெட்டாகவே வையுங்கள். இரண்டாவது காட்சியின் ஒலியைக் காட்சியிலிருந்து அன்லிங்க் செய்து இரண்டாம் ஒலித்தடத்துக்கு இறக்குங்கள். அதன் இடது ஓரத்தை மட்டும் பிடித்து 50 பிரேம் நீட்டுங்கள்; நொடிக்கு 25 பிரேம் கணக்கில் அது 2 நொடி. துண்டை அப்படியே இழுத்துவிடக் கூடாது. நீட்டினால் ஒத்திசைவு கெடாது, இழுத்தால் மொத்தமும் நகர்ந்து, சக்கரத்தின் இணைதண்டு ஒரு பக்கம் சுற்ற, ஆவியடி (புகைபோக்கியின் ‘குப்’ ஒலி) வேறு நேரத்தில் விழும். நீட்டிய பகுதியின் தொடக்கத்தில் 12 முதல் 20 பிரேம் வரை ஒலி மெல்ல ஏறட்டும். முதல் காட்சியின் காட்டொலியை அங்கேயே 6 டெசிபெல் அளவுக்கு இறக்கி, வெட்டைத் தாண்டி ஒரு நொடி ஓடவிட்டு அணைக்கலாம்.

பேட்டிக் காட்சிக்கு அரை நொடி முந்தல் போதும். நீராவி வண்டிக்கு 2 முதல் 4 நொடி தாங்கும். அதற்குமேல் போனால் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று பார்ப்பவர் கேட்கத் தொடங்குவார். நீட்டுவதற்குப் பதிவில் இடம் இருக்கவேண்டும் என்பதால், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்குக் குறைந்தது 30 நொடி முன்பே பதிவு ஓடவேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் பலருடைய படத்தில் முந்தொலி வைக்கவே முடியாமல் போகிறது.

– ஏற்காடு

---

முந்தொலிக்கு என் வாக்கு. சூரமங்கலம் ஐயா, ஒரு வேண்டுகோள். ‘பிந்தொலி’யை வரையறுக்கும்போது தொலைவினால் இயல்பாக வரும் தாமதத்தை அதோடு சேர்த்துவிடாதீர்கள். அது தொகுப்பாளர் செய்வதல்ல, காற்று செய்வது. அதற்குத் ‘தொலைவுத் தாமதம்’ என்று தனிச்சொல் வேண்டும். மலையில் படம்பிடிக்கிறவருக்கு இது ஓயாத தலைவலி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 25 பிரேம் கணக்கில் ஒரு பிரேமுக்கு 13.6 மீட்டர். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் 340 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், விசிலிலிருந்து வெள்ளை ஆவி பீறிடுவது தெரிந்து 25 பிரேம் கழித்துத்தான் ஓசை வரும். அகலக் காட்சியில் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மலையின் தொலைவை அந்த ஒரு நொடிதான் உணர்த்துகிறது. தொலைவில் இருப்பதை அருகே காட்டும் டெலி லென்ஸில் நிலைமை வேறு. இன்ஜின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. அப்போது 25 பிரேம் தாமதம் பிழையாகத்தான் தெரியும். ஒலியை இடப்பக்கம் நகர்த்தித் திருத்தவேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? விசில் ஆவியின் முதல் வெண்மை தெரியும் பிரேமையும், அலைவடிவில் விசில் தொடங்கும் முனையையும் பொருத்தினால் கிளாப் பலகையே தேவையில்லை. ஆனால் ஒன்று: வண்டி நெருங்க நெருங்கத் தாமதம் சுருங்கும். பல்தண்டவாளப் பகுதியில் (இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்வி ஏறும் இடம்) உச்ச வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 3.6 மீட்டர். ஒரு நிமிடம் ஓடும் காட்சியில் வண்டி கேமராவை நோக்கி நேரே வந்தால் 216 மீட்டர் நெருங்கியிருக்கும். தாமதம் 16 பிரேம் குறைந்திருக்கும். தொடக்கத்துக்குப் பொருத்திய ஒலி முடிவில் 16 பிரேம் முந்திப் போய் நிற்கும். கண் சரிபார்க்கும் இடம் எதுவோ, பெரும்பாலும் விசில், அதற்குப் பொருத்துங்கள். நீண்ட காட்சியானால் அடி விழாத இடைவெளி பார்த்து ஒலியை இரண்டு மூன்று துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்துங்கள்.

– அஸ்தம்பட்டி

---

அக்கா, ‘தொலைவுத் தாமதம்’ ஏற்றேன். மேலே ஏற்காடு ஐயா போகிற போக்கில் ‘ஆவியடி’ என்று எழுதியிருக்கிறார். புகைபோக்கியிலிருந்து வரும் ஒவ்வொரு குப்புக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ‘புகையடி’ என்பது தவறு. அடிப்பது உருளையிலிருந்து வெளியேறும் ஆவி, புகை அதன் இழுப்பில் கூடவே வருவது. வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் அதையும் சேர்த்துவிடுகிறேன்.

– சூரமங்கலம்

---

ஆவியடிக்கு மறுப்பு இல்லை. ஆனால் முந்தொலிப் பதிவின் கீழ் ஓர் எச்சரிக்கை சேர்க்கவேண்டும்: எந்த ஆவியடியையும் எந்தக் காட்சிக்கும் முந்தவிட முடியாது.

சாதாரண இரட்டை உருளை இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு அடி. இந்த ரயிலின் எக்ஸ் வகை இன்ஜினுக்கு நான்கு உருளைகள். மேட்டுப்பாளையம்–கல்லாறு சமதளத்தில் உயரழுத்த உருளைகள் இரண்டு மட்டும் ஓடும். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் தொடங்கியதும் அவை வெளிவிடும் ஆவி தாழழுத்த உருளைகளுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். புகைபோக்கிக்கு ஆவி அங்கிருந்துதான் வருகிறது. தாளம் முற்றிலும் மாறிவிடும். சமதளத்தில் பதிந்த ஒலியை ஹில்குரோவ் ஏற்றக் காட்சிக்கு முந்தொலியாக வைத்தால், வெட்டு விழும் இடத்தில் தாளம் உடைவது ரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் கேட்கும். எண்ணெய் எரிக்கும் இன்ஜினையும் நிலக்கரி இன்ஜினையும் கலக்கக் கூடாது. பொன்மலைப் பணிமனையில் கட்டிய எண்ணெய் இன்ஜின்களில் ஆவியடிக்கு அடியில் பர்னர் இரைச்சல் விடாமல் ஓடும்.

விசிலின் சுருதி பற்றிக் கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்கும். 13 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இறக்கம் சுமார் 2 விழுக்காடு, அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவாகக் கவனத்துக்கு வராது. சமதளத்தில் 30 கிலோமீட்டரில் ஓடும்போது ஏறக்குறைய 5 விழுக்காடு, ஓர் அரைச்சுரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆகவே அங்கே கடந்துபோன பிறகு பதிந்த விசிலை, நெருங்கி வரும் காட்சிக்கு முந்தொலியாக எடுக்கவே கூடாது.

– மேட்டூர்

---

காட்டொலிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏற்காட்டில் பதிந்த பறவைகளையும் பூச்சிகளையும் கல்லாற்றுக் காட்டுக்கு அடியில் போடக் கூடாது. வண்டி போன பிறகு அதே இடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிந்துகொண்டால் போதும். முந்தொலி ஏறும் இடங்களைப் பூசி மறைக்க அந்த ஒரு நிமிடம் தாராளம்.

பதிவின்போது தானியங்கி ஒலியளவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் விசில் அடித்ததும் காடு முழுவதும் அமுங்கி, சில நொடி கழித்து மெல்ல மேலே வரும். அந்தத் துண்டில் எங்கே வெட்டினாலும் தையல் தெரியும். ஆவியடி மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்குமாறு வைத்து, இரண்டாவது தடத்தை 20 டெசிபெல் தாழ்த்தி விசிலுக்கென்று ஒதுக்குங்கள். காற்றுக்கு மைக்கில் உரோம உறை போடுங்கள்; அதற்குப் பதிலாகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 80 ஹெர்ட்ஸ் லோ-கட் போட்டால் இன்ஜினின் கனமே போய்விடும்.

இதோடு அனுமதி விஷயம் அத்தியாயத்தின் தலையிலேயே வரட்டும். இந்தப் பாதை சேலம் கோட்டத்தின் கீழ் வருகிறது. அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. மைக்கை வைக்க அனுமதியின்றித் தண்டவாளத்துக்குள் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். வண்டி பின்னாலிருந்து தள்ளப்பட்டு வருவதால் இன்ஜின் ஒலியை வைத்துத் தூரத்தைக் கணிப்பதும் ஆபத்து. காது இன்ஜினைத் தேடிக்கொண்டிருக்கும். முன்பெட்டி அதற்குள் பக்கத்தில் வந்திருக்கும்.

– ஏற்காடு

---

‘வெட்டு’ பற்றி யாரும் பேசவில்லையே. இது இரண்டு காட்சியைச் சேர்ப்பதுதானே? பூத் தொடுப்பதுபோல ‘முந்தொலித் தொடுப்பு’ எனலாம்.

– ஆத்தூர்

---

தொடுப்பு நல்ல சொல்தான். ஆனால் நேர்வெட்டு என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம். ஒரு குடும்பத்துச் சொற்கள் ஒரே முடிவோடு இருந்தால் தேடுவதற்கு எளிது. நேர்வெட்டு, முந்தொலி வெட்டு, பிந்தொலி வெட்டு. வகரம் வருவதால் ஒற்று மிகுமா என்ற கேள்வியும் இல்லை. பேச்சில் வெட்டை விட்டுவிட்டு “60 பிரேம் முந்தொலி” என்று சொன்னாலே போதும்.

பதிவு இப்படி:

முந்தொலி வெட்டு (மாற்று: ஜே கட்) – அடுத்த காட்சியின் ஒலி, அக்காட்சி தோன்றுமுன்பே தொடங்கும் வெட்டு. முந்தும் அளவு பிரேமில் குறிக்கப்படும். எ-டு: பிரேக்ஸ்மேன் தோன்றும் காட்சிக்கு 60 பிரேம் முந்தொலி. ஒப்பிடுக: பிந்தொலி வெட்டு, நேர்வெட்டு. வேறு: தொலைவுத் தாமதம்.

– சூரமங்கலம்

---

பதிவு நன்றாக இருக்கிறது, ஒப்புகிறேன். வசனவரி போடுகிறவர்களுக்கு ஒரு வரி சேருங்கள். காது கேளாதவர்களுக்காக [விசில்], [ஆவியடி] என்று போடும் குறிப்பு ஒலி தொடங்கும் பிரேமில் வரவேண்டும், காட்சி மாறும் பிரேமில் அல்ல. மென்பொருள்கள் சில குறிப்பை வெட்டோடு ஒட்டவைத்துவிடுகின்றன. அந்த ஒட்டலை அணைத்துவிட்டு 60 பிரேம் முந்தொலிக்கு 60 பிரேம் முன்பே குறிப்பைக் கையால் வைக்கவேண்டும்.

– ஆத்தூர்