மொட்டை மாடியில் சூரியப் படம்: விளிம்பு ஏன் நெளிகிறது?

பழையபேட்டை (கிருஷ்ணகிரி):
வணக்கம். 70 மி.மீ. தொலைநோக்கி, குவியத் தூரம் 700 மி.மீ. முன்பக்கம் சூரிய வடிகட்டித் தாள் கட்டி, கேமராவைப் பொருத்தி, வீட்டு மொட்டை மாடியில் படமெடுக்கிறேன். வெயில் நன்றாக இருக்கட்டும் என்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் எடுப்பது. வட்டம் முழுதாக விழுகிறது. கரும்புள்ளிகள் மங்கல், விளிம்பு நெளிகிறது. பெரிய தொலைநோக்கி வாங்கினால் தெளியுமா? கூடவே வந்த, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) திருகும் கறுப்புக் கண்ணாடியில் தங்கை பார்க்கலாமா?

பென்னாகரம் ஆசிரியர்:
தம்பி, தங்கையின் கண் முதலில். கூடாது. அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவித்த வெயில் மொத்தமும் அதன்மேல் விழும். சூடேறி விரிசல் விட்ட நொடியில் விழித்திரை கருகும், வலிகூடத் தெரியாது. வடிகட்டி எப்போதும் குழாயின் வாயில்தான் இருக்க வேண்டும், காற்றில் கழன்றுவிடாதபடி டேப் ஒட்டி. குறி பார்க்க உதவும் சிறிய தேடுநோக்கியையும் மூடி வையுங்கள்.

பெரிய தொலைநோக்கிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் கருவியில் சூரியன் சென்சார்மேல் சுமார் 6.5 மி.மீ. விழும். பூமியளவு புள்ளி அதில் 0.06 மி.மீ. அவ்வளவு நுண்ணியதைக் கரைக்க, காற்றின் சிறு அசைவு போதும். பன்னிரண்டு மணி கான்கிரீட் மாடியிலிருந்து எழும் அனல் அதைத்தான் செய்கிறது. சுற்றிலும் பாறை வேறு. நம் ஊர் வெக்கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா!

காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுங்கள். அதற்கும் முன்னால் சூரியன் தாழ்வாக இருப்பதால் காற்றைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து ஒளி வர வேண்டியிருக்கும். இடமும் முக்கியம். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்குள் கட்டியதே தண்ணீர் தரையைப்போல் சட்டென்று சூடேறாது என்பதால்தான். நமக்குக் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை இருக்கிறதே! கிழக்கே தண்ணீர் விரிந்து கிடக்கும் கரையாகப் பார்த்து நில்லுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
ஆசிரியர் சொல்வது முழுக்கச் சரி. அணைக்குப் போக முடியாத நாளில் தண்ணீர் பாய்ச்சிய வயலோரமும் உதவும். தலையோடு கேமராவைக் கறுப்புத் துணியால் போர்த்திக்கொண்டு, திரையைப் பெரிதாக்கி, புள்ளியின் கரிய நடுப்பகுதியில் குவியம் வையுங்கள். ஒற்றைப் படத்தை நம்பாமல் வீடியோ எடுங்கள். காற்று அடங்கிய நொடிகளின் ஃபிரேம்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் பொறுக்கி அடுக்கித் தரும். இலவச மென்பொருள்தான்.

பழையபேட்டை:
நன்றி ஐயா. கண்ணாடியை உடைத்துவிட்டேன். தாளின் உறையில் அடர்த்தி (ஒளியைத் தடுக்கும் அளவு) 3.8 என்று இருக்கிறது. அதன் வழியாகத் தங்கை பார்க்கலாம் அல்லவா?

பென்னாகரம் ஆசிரியர்:
வேண்டாம். 3.8 படமெடுக்க மட்டுமே; 5.0 தாளைவிடச் சுமார் 16 மடங்கு ஒளியை உள்ளே விடும். 5.0 வாங்கும்வரை தங்கை கேமராத் திரையில் பார்க்கட்டும்.